‘நான்’ வராதவர்

சிலருக்கு ‘ழ’ வராது. அவருக்கு ‘நான்’ வராது.

நாக்கில் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். மற்ற எல்லாச் சொற்களும் அவருக்கு வந்தன. மராத்தியில் வந்தன, ஹிந்தியில் வந்தன, ஆங்கிலத்தில் அடைமழையாக வந்தன, புனே கன்டோன்மென்ட் தமிழிலும் ஓரளவு வந்தன. அந்த ஒரு சொல் மட்டும் தொண்டைக்கும் நாக்குக்கும் நடுவில் எங்கேயோ வழிதவறி, ஒவ்வொரு முறையும் ‘நாம’ என்று வெளியே வந்து விழும். ஒரு மனிதர் பொழுதெல்லாம் பேசிக்கொண்டே இருந்து, தன்னைப் பற்றி ஒருமையில் ஒரு வாக்கியம்கூடச் சொல்லாமல் சம்பள உயர்வு வாங்கிக்கொண்டே போக முடியும் என்பதை என் முதல் வேலையில் அவரிடம்தான் பார்த்தேன்.

திருச்சியில் படிப்பை முடித்த கையோடு விமான் நகரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். அவர் எங்கள் டீம் லீட். கட்கிப் பக்கம் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பம், ஔந்தில் ஃபிளாட், நாற்பதைத் தாண்டிய வயது, எப்போதும் ஒரு பக்கக் காதில் மட்டும் இயர்போன். நான் தமிழ்ப் பையன் என்று தெரிந்ததும் முதல் நாளே தோளில் கை போட்டார்.

“அரே, நம்ம ஆளு. தம்பி, இங்க நாம டீம் இல்ல, ஃபேமிலி. சலோ, நாம சாய் அடிக்கலாம்.”

எனக்குக் கண் கலங்காத குறை. ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கு முதல் நாளே தமிழில் ஒரு ‘நாம’ கிடைத்தால் எப்படி இருக்கும்? அன்றிரவு அம்மாவிடம் போனில் அரை மணி நேரம் அவரைப் பற்றியே பேசினேன். தங்கமான மனுஷன் என்றேன். அந்த வார்த்தையை அம்மா இன்னமும் எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கிறாள்.

அவருடைய ‘நாம’வுக்கு அகராதி பழக ஒரு மாதம் ஆயிற்று. “நாம இந்த ரிப்போர்ட்டை இன்னைக்கே அனுப்பிடலாம்” என்றால் நீ அனுப்பு. “நாம கஸ்டமர்கிட்ட கொஞ்சம் பொறுமையா பேசலாம்” என்றால் நீ திட்டு வாங்கு. “நாம சூப்பரா பண்ணிட்டோம்” என்பது மேலிடத்துக்குப் போகும் மின்னஞ்சலில் மட்டும் வரும். அதற்கு அர்த்தம் அவர். மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, “நாம நாளைக்கு வந்து இதை முடிச்சிடலாம்” என்றார். சனிக்கிழமை ஆபீசில் நாங்கள் நாலு பேரும் ஏசி இல்லாத ஹாலில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தோம். மதியம் குழுவின் வாட்ஸ்அப்பில் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. லோணாவளாவில் மூடுபனி, கையில் சுட்ட சோளம், கீழே ஆங்கிலத்தில், நம்மை நினைத்தால் பெருமையாக இருக்கிறது என்று ஒரு வரி. அதற்கு நாங்கள் நாலு பேரும் கட்டைவிரல் போட்டோம். போடாவிட்டால் “நாம ஏன் சைலன்ட்டா இருக்கோம்?” என்று கேட்பார்.

கெட்டவர் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். எனக்கு டெங்கு வந்து கிடந்தபோது ஔந்திலிருந்து ஸ்கூட்டரில் ரசமும் சாதமும் எடுத்துக்கொண்டு வந்தவரும் அவரே. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “நாம நல்லா ரெஸ்ட் எடுக்கணும் தம்பி” என்றார். நான் நெகிழ்ந்து போய்ப் படுத்திருக்கும்போதே என் மடிக்கணினியைக் கண்ணால் தேடினார். “போர் அடிச்சா, காலைல டீம் கால்ல மட்டும் நாம படுத்துக்கிட்டே ஜாயின் பண்ணிக்கலாம்.” அந்த ரசத்தில் மிளகு சரியாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நியாயம் நியாயம்தான்.

வெளி உலகத்துக்கு அவர் வேறு. வேலை பார்ப்பவர்கள் எல்லாம் கூடும் அந்த இணையதளத்தில் வாரம் ஒரு முறை பொறுப்புள்ள தலைமை பற்றி எழுதுவார். டிஜிட்டல் யுகத்தில் குழுவை நடத்துவது எப்படி, திரைக்குப் பின்னால் இருக்கும் மனிதனைப் பார்ப்பது எப்படி, தவறு நடந்தால் தலைவன் முன்னால் வந்து நிற்பது எப்படி. ஒவ்வொன்றுக்கும் மேலே வேதாள் டேக்டிக் குன்றில் காலை நடை போகும்போது எடுத்த அவருடைய படம், எங்கோ தூரத்தைப் பார்த்தபடி. திரைக்குப் பின்னால் இருக்கும் மனிதனை அவர் பார்த்த லட்சணம் எங்களுக்குத் தெரியும். ஆபீஸ் சாட்டில் எங்கள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி மஞ்சளானால், நாம டீ குடிக்கப் போய்விட்டோமா என்று கேட்டு உடனே செய்தி வரும். அவருடைய புள்ளி மட்டும் எப்போதும் சிவப்பு. எப்போது கூப்பிட்டாலும் வேறொரு கூட்டத்தில் இருப்பார்.

இன்னொரு வழக்கம் வைத்திருந்தார். எங்கள் கூட்டங்கள் எல்லாம் பதிவாகும். ஆனால் ஏதாவது முடிவு எடுக்க வேண்டிய இடம் வந்ததும் குரலைத் தாழ்த்தி, ரெக்கார்டிங்கை நிறுத்தச் சொல்லுவார். நாம மனசு விட்டுப் பேசலாம் என்பார். சேர்ந்த புதிதில் அதையும் அன்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

எனக்குப் பக்கத்து மேசை ஸ்நேஹல். ஷிரூர் பக்கத்துப் பெண், அப்போதுதான் சேர்ந்தவள், இன்னும் வேலை உறுதியாகாதவள். பேச்சு குறைவு, காது கூர்மை. ஒரு நாள் கீழே டப்ரியில், அதாவது தெருவோர டீக்கடையில், சாய் குடிக்கும்போது நான் வழக்கம்போல ஒரு கண்டுபிடிப்பின் வேகத்தில் அவளுக்கு வகுப்பெடுத்தேன். ஆங்கிலத்தில் ‘வீ’ என்றால் அதில் யார் உண்டு, யார் இல்லை என்று கேட்பவனுக்குத் தெரியாது. ஹிந்தி ‘ஹம்’ அதைவிட மோசம். ஆனால் தமிழில் தப்பிக்க முடியாது: ‘நாம’ என்றால் கேட்கிற நீயும் உள்ளே, ‘நாங்க’ என்றால் நீ வெளியே. உலகத்தில் வேறு எந்த மொழிக்கு இந்த நேர்மை உண்டு என்று ஒரே போடாகப் போட்டேன்.

ஸ்நேஹல் கிளாஸைக் கீழே வைத்தாள். “எங்களுக்கு உண்டு” என்றாள். மராத்தியில் நீயும் சேர்ந்தால் ‘ஆபண்’, நீ சேராவிட்டால் ‘ஆம்ஹி’. என் முகம் போன போக்கைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் சாய்க்காரரும் சேர்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு அது எங்கள் இருவருக்குமான விளையாட்டாகிவிட்டது. கூட்டத்தில் அவர் ஒவ்வொரு முறை ‘வீ’ என்னும்போதும் அவள் என் பக்கம் குனிந்து, “நாமவா, நாங்களா?” என்று கிசுகிசுப்பாள். தமிழில் அவளுக்குத் தெரிந்தது அந்த இரண்டு சொல்தான். மூன்றாவதாக ‘நான்’ என்பதையும் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். “அது ரொட்டி” என்று மறுத்துவிட்டாள். அவரிடமிருந்து எப்படியும் அதைக் கேட்கப் போவதில்லை, கற்று என்ன ஆகப்போகிறது என்றாள்.

அப்போது எங்கள் குழுவிடம் இருந்த வேலை ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலைக்கானது. தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் கம்பெனி பஸ்களுக்கு ஒரு செயலி. யார் எந்த நிறுத்தத்தில் ஏறுகிறார்கள் என்று முதல் நாளே போனில் பதிந்துவிட்டால், மறுநாள் டிரைவரின் போனில் அன்றைய வழி தானாக வந்துவிடும். ஒரு காலைக் கூட்டத்தில் அவர் ஒரு யோசனை சொன்னார். சில நிறுத்தங்களில் மாதக்கணக்கில் ஒருவர்கூடப் பதியவில்லை. அவற்றை எடுத்துவிட்டால் பஸ் ஊர்களுக்குள் திரும்பாமல் நேராக நெடுஞ்சாலையிலேயே போகும், டீசல் மிச்சம், கஸ்டமர் மகிழ்வார்.

ஸ்நேஹல் கை தூக்கினாள். அவை அவள் ஊர்ப்பக்கத்து நிறுத்தங்கள். அங்கே யாரும் பதிவதில்லை என்பது உண்மை, ஆனால் ஏறுகிறார்கள் என்றாள். பெண்கள் பலரிடம் சொந்தப் போன் கிடையாது. பஸ் வரும் நேரம் தெரியும், வந்து நிற்பார்கள், டிரைவர் ஏற்றிக்கொள்வார். அவளுடைய மாவ்ஷியே, அதாவது சித்தியே, அப்படித்தான் தினமும் போகிறாள். தொழிற்சாலையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுக்கலாமே என்றாள்.

அவர் ரெக்கார்டிங்கை நிறுத்தச் சொன்னார். மனசு விட்டுப் பேசினார். கேட்கப் போனால் கஸ்டமர் குழம்புவார், நாம தைரியமாக இருக்க வேண்டும், இன்றே எடுத்துவிடலாம். கடைசியில் ஆங்கிலத்தில் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: “வீ வில் ஓன் இட்.” எது நடந்தாலும் பொறுப்பு நம்முடையது.

ஸ்நேஹல் என் பக்கம் குனியவில்லை. அன்று அவளுக்கு விளையாடத் தோன்றவில்லை. நிறுத்தங்களை எடுத்தாள்.

மறுநாள் காலை அவள் மேசைக்கு வந்து உட்கார்ந்ததும் போன் அடித்தது. சாயாக் கடைக்காரர் ஒருவரின் போனிலிருந்து அவளுடைய மாவ்ஷி. பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது. கத்தவில்லை, அழவில்லை. “துஜி பஸ் குடே ஆஹே?” என்று கேட்டாள். உன் பஸ் எங்கே. முந்தின நாள்வரை அது அவர்களுடைய பஸ். அன்றைக்கு ஸ்நேஹலுடைய பஸ் ஆகிவிட்டது. மழையில் பெண்கள் வரிசையாக நின்றிருக்கிறார்கள். பஸ் ஊருக்குள் திரும்பவே இல்லை. முதல் ஷிப்டில் அவர்கள் அத்தனை பேருக்கும் ஆப்சென்ட் போட்டுவிட்டார்கள்.

தொழிற்சாலையிலிருந்து புகார் வந்ததும் அவர் எங்களைக் கூட்டி, நாம யாரையும் குறை சொல்லப் போவதில்லை என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியம் வந்தால் யாருக்கோ குழி வெட்டியாகிவிட்டது என்று அர்த்தம். பிறகு திரையில் ஒரு பக்கத்தைக் காட்டினார். என்ன நடந்தது, எப்போது நடந்தது, மாற்றத்தைச் செய்தது யார். மூன்றாவதற்கு நேராக ஒரே ஒரு பெயர். ‘சரிபார்க்காமல்’ என்ற சொல்லும் கூடவே இருந்தது. மற்ற இடங்களில் எல்லாம் ‘வீ’யாக இருந்தவர், அந்த ஒரு வரியில் மட்டும் ‘ஷீ’ என்று எழுதியிருந்தார்.

அது அவள் வேலை உறுதியாக வேண்டிய மாதம். ஆகாவிட்டால் ஷிரூருக்குத் திரும்ப வேண்டும். திரும்பிப் போய், பஸ்ஸை ஒழித்தவள் என்ற பெயரோடு அந்த நிறுத்தத்தைத் தாண்டி நடக்க வேண்டும். நான் கொதித்தேன். அவருடைய இணையப் பக்கத்தில் போய் எழுதுகிறேன், மனிதவளப் பிரிவுக்குப் போகிறேன், ராஜினாமா செய்கிறேன் என்று ஒரே மூச்சில் மூன்று திட்டம் சொன்னேன். “முதலில் சாப்பிடு” என்றாள்.

இரண்டு நாள் கழித்து அவருடைய மேலதிகாரி வீடியோ கூட்டம் வைத்தார். சென்னை அலுவலகத்தில் இருந்த தமிழ் அம்மையார். சுருக்கமாகப் பேசுவார், நிறையக் கேட்பார். எங்கள் டீம் லீட் தன் வீட்டிலிருந்து சேர்ந்துகொண்டார். நானும் ஸ்நேஹலும் ஆபீசில் பக்கத்துப் பக்கத்து மேசையிலிருந்து சேர்ந்தோம். கால் மணி நேரம் எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. குழுவாக நாம முழுப் பொறுப்பேற்கிறோம், செயல்முறையில் ஒரு இடைவெளி, தனிநபர் கவனக்குறைவு. அம்மையார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எடுக்கலாம் என்று சொன்னது யார் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

அப்போதுதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். ஸ்நேஹல் திரையில் இருக்கும்போதே, அவளுக்குப் புரியாது என்ற தைரியத்தில், தமிழுக்கு மாறினார். என்னைப் பற்றிக் கவலை இல்லை. நான்தான் நம்ம ஆளாயிற்றே.

“மேடம், நம்ம லேங்குவேஜ்லயே பேசிடலாமே. நாமதான் டிசைட் பண்ணோம், அது ஓகே. பட் பொண்ணு புதுசு, செக் பண்ணாம போட்டுட்டா. நாம இந்தத் தடவை அவளைக் கன்ஃபர்ம் பண்ண வேண்டாம். அவ்ளோதான், கஸ்டமரும் ஷாந்த் ஆயிடுவாங்க. நாம ஸ்மூத்தா முடிச்சிடலாம்.”

நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் பக்கத்து மேசையில் ஒரு கிளிக். ஸ்நேஹலின் மைக் திறந்தது.

“நாமவா, நாங்களா?” என்றாள். தமிழில், தெளிவாக, அவரைப் பார்த்து.

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். உனக்குத் தமிழ் தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இந்த இரண்டு சொல்தான் மேடம் என்றாள் ஸ்நேஹல்.

அம்மையார் அவர் பக்கம் திரும்பினார். “அந்தப் பொண்ணு கேக்கறது சரிதானே? நாமன்னா நானும் உண்டு. நான் அந்த மீட்டிங்ல இல்ல.”

“இல்ல இல்ல மேடம், நாமன்னா… டீம்.”

“அப்ப நாங்கன்னு சொல்லுங்க. சரி, நாங்கன்னா யாரு யாரு? ரெண்டு பேரா, நாலு பேரா? எடுத்துடலாம்னு எந்த வாய் சொல்லுச்சு?”

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் எல்லோரையும் அள்ளிப் போட்டுக்கொள்ளும் ஒரு பெரிய சாக்கை விரித்து வைத்திருந்தவர், தமிழிலும் அதே சாக்கு கிடைக்கும் என்று நம்பி வந்து விழுந்தார். புனேயில் பிறந்து வளர்ந்த அவருக்கு மராத்தி தாய்மொழி மாதிரி. மராத்தியில் பேசியிருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்கவே மாட்டார். மேலதிகாரியிடம் குழைவதற்கு வீட்டுத் தமிழை எடுத்தார். அது அவருக்குச் சரியாக வராது.

ஒரே ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது. அது வரும் வரும் என்று நாங்கள் மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வாயும் பாதி திறந்தது. அப்படியே உறைந்துவிட்டது. கண் அசையவில்லை, உதடு அசையவில்லை. நெட்வொர்க் போய்விட்டது என்று முதலில் நினைத்தேன். “ஹலோ, ஹலோ” என்றுகூடச் சொன்னேன்.

ஆனால் அவர் தலைக்குப் பின்னால் சீலிங் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

நிதானமாக, சீராக, ஒரு குறையும் இல்லாமல் சுற்றியது. அம்மையாரும் பார்த்தார். சற்று நேரம் அந்த ஃபேனையே பார்த்துவிட்டு, ஸ்நேஹலிடம் என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் சொன்னாள்: நிறுத்தங்களைப் பற்றி எச்சரித்தது, ரெக்கார்டிங் நின்றது, நெஞ்சில் கை வைத்தது. என்னிடம் கேட்டார். அவள் சொன்னதெல்லாம் நடந்தது, நான் அங்கே இருந்தேன் என்றேன். எல்லாம் முடிந்த பிறகு அந்த முகத்துக்கு உயிர் வந்தது.

“சாரி மேடம்,” என்றார். “நாம டிஸ்கனெக்ட் ஆயிட்டோம் போல.”

நிறுத்தங்கள் அன்று மாலையே திரும்ப வந்தன. அம்மையார் தொழிற்சாலையோடு பேசி அந்தப் பெண்களின் ஆப்சென்டை நீக்கச் செய்தார். ஸ்நேஹலின் வேலை உறுதியானது. ஊரில் மாவ்ஷி அதற்குப் பிறகு பஸ்ஸை மறுபடி எங்கள் பஸ் என்று சொல்ல ஆரம்பித்தாளா என்று கேட்டேன். இல்லை, இன்னும் உன் பஸ்தான், ஆனால் இப்போது பெருமையாகச் சொல்கிறாள் என்றாள்.

அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? என்ன ஆகும். சில மாதத்தில் இதைவிடப் பெரிய நிறுவனத்தில் பெரிய பதவி கிடைத்தது. அங்கே இளம் தலைவர்களுக்குப் பொறுப்புணர்ச்சி பற்றிப் பயிற்சி கொடுப்பதும் அவர் வேலையில் சேர்த்தி. தவறிலிருந்து கற்றது என்று அந்த பஸ் கதையையே இணையத்தில் எழுதியிருந்தார். அதில் மழை இருந்தது, பெண்கள் இருந்தார்கள், ‘வீ’ தாராளமாக இருந்தது. ஃபேன் இல்லை.

போவதற்கு முன் எங்களுக்கு விருந்து வைத்தார். சரியாகச் சொன்னால், நாம ஒரு லஞ்ச் போகலாம் என்றார். விமான் நகரில் ஒரு பஞ்சாபி ஓட்டல், நீள மேசை. அவர் நடுவில் உட்கார்ந்து பேசினார். நாம சேர்ந்து ஏறிய மலைகள், நாம சேர்ந்து தாண்டிய புயல்கள். என் தோளில் கை போட்டு, நம்ம தம்பி என்றார். ஸ்நேஹலைப் பார்த்து, நாங்க உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறோம் என்று மராத்தியில் சொன்னார். அதற்கு மட்டும் கவனமாக ‘ஆம்ஹி’ போட்டார். ஸ்நேஹல் தலையாட்டிவிட்டு வெங்காயத்தில் எலுமிச்சை பிழிந்தாள்.

தட்டுகள் வர ஆரம்பித்தன. சர்வர் கையில் வெண்ணெய் மினுங்க ஒரு தட்டோடு மேசைத் தலைமாட்டில் வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, யாருடையது என்று ஹிந்தியில் விசாரித்தார்.

“பட்டர் நான் கிஸ்கா ஹை?”

அவர் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். ரெக்கார்டிங்கை நிறுத்தச் சொல்லவில்லை, யாரையும் துணைக்கு அழைக்கவில்லை, உறையவும் இல்லை. கையை நேராக உயர்த்தினார்.

ஸ்நேஹல் என் காதருகே குனிந்தாள். கற்க மறுத்த மூன்றாவது சொல்லை அன்றுதான் முதல்முறையாகத் தமிழில் சொன்னாள்.

“நான்.”